அரசு ஊழியர் மீது உரிமையியல் வழக்கு: யார் வாதாடுவார், யார் பணம் கட்டுவார்?

கேள்வி கேட்டவர் மாநில வருவாய்த் துறை ஊழியர். ஓடைப் புறம்போக்கில் இருந்த ஒரு கட்டடத்தை வட்டாட்சியரின் ஆணைப்படி முன்நின்று அகற்றியிருக்கிறார். சில மாதங்கள் கழித்து, அரசை முதல் பிரதிவாதியாகவும், வட்டாட்சியரை இரண்டாம் பிரதிவாதியாகவும், இவரைப் பெயர் சொல்லி மூன்றாம் பிரதிவாதியாகவும் சேர்த்து, 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டு ஒரு வழக்கு தாக்கலாகி, அழைப்பாணை வீட்டு முகவரிக்கே வந்திருக்கிறது. எனக்காக அரசு வாதாடுமா, தோற்றால் என் சம்பளமும் வீடும் போகுமா, இதற்கென்று காப்பீடு ஏதும் உண்டா, பொய் வழக்குப் போட்டவர் மீது நான் திருப்பி வழக்குப் போடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

பணிக்கடமையை ஒட்டி நேர்மையாகச் செய்த செயலுக்காக வழக்கைச் சந்திக்கும் அரசு ஊழியருக்கு நம் சட்டத்தில் போதிய பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் அது ஒரே சட்டத்தில் தொகுத்து எழுதப்படவில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கொஞ்சம், அரசமைப்புச் சட்டத்தில் கொஞ்சம், அந்தந்தத் துறைச் சட்டத்தில் கொஞ்சம், பணி விதிகளிலும் அரசுக் குறிப்பாணைகளிலும் கொஞ்சம் எனச் சிதறிக் கிடக்கிறது. அதில் பெரும்பகுதி தானாக வந்து சேர்வதும் இல்லை. ஊழியர் உரிய நாளுக்குள் எழுத்து மூலம் கேட்டால்தான் கிடைக்கும். "அரசும் பிரதிவாதிதானே, அரசு பார்த்துக்கொள்ளும்" என்று அழைப்பாணையை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு இருப்பவர்களே இத்தகைய வழக்குகளில் அதிகம் அடிபடுகிறார்கள்.

ஆகவே முதலில் வாதி தாக்கல் செய்த கோரிக்கை மனுவான வழக்குரையின் பிரதியை எடுத்து, உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பதவிப் பெயர் மட்டும் இருந்தால் அந்த வழக்கு அந்த இருக்கையின் மீதானது. நீங்கள் மாறுதலாகிப் போனாலும் அடுத்து வருபவர் அதைத் தொடர்வார். சொந்தப் பெயர், தந்தை பெயர், வீட்டு முகவரி ஆகியவை எழுதப்பட்டு, "பிரதிவாதிகள் கூட்டாகவும் தனித்தனியாகவும் இழப்பீடு செலுத்த வேண்டும்" என்று பரிகாரப் பத்தியில் கேட்கப்பட்டிருந்தால், வாதி உங்கள் பணத்தையும் குறிவைத்திருக்கிறார் என்று பொருள். கூட்டாகவும் தனித்தனியாகவும் என்ற அந்தச் சொற்களுக்குத் தீர்ப்பாணையில் இடம் கிடைத்துவிட்டால், முழுத் தொகையையும் எந்தப் பிரதிவாதியிடமிருந்தும் வசூலிக்க வாதிக்கு உரிமை வந்துவிடும். உங்கள் வழக்கில் இரண்டும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இதைச் சொந்த வழக்காகவே கருதிச் செயல்பட வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது முன்னறிவிப்பு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவின்படி, அரசின் மீதோ, பதவியின் பேரில் செய்ததாகக் கொள்ளத்தக்க ஒரு செயலுக்காகப் பொது ஊழியர் மீதோ வழக்குப் போடுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே எழுத்து மூலம் அறிவிப்புத் தந்திருக்க வேண்டும். ஊழியரைப் பொறுத்தவரை அது அவர் கையில் தரப்பட்டிருக்க வேண்டும் அல்லது அவருடைய அலுவலகத்தில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு மாதம் முடிவதற்குள் போடப்பட்ட வழக்கு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 1984இல் பிஹாரி சௌத்ரி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அவசரப் பரிகாரம் வேண்டும் என்றால் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று அறிவிப்பில்லாமலேயே வழக்குத் தொடர 1976ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. ஆனால் இடித்து முடித்த கட்டடத்துக்கு இழப்பீடு மட்டும் கேட்கும் வழக்கில் அவசரம் என்று சொல்ல ஏதும் இருக்காது. அறிவிப்பே வரவில்லை என்றால், அதே சட்டத்தின் 7ஆம் கட்டளை 11ஆம் விதியின் கீழ் வழக்குரையை நிராகரிக்கக் கோரி மனுச் செய்யலாம். இந்த உரிமையைக் கைவிடவும் முடியும் என்று வெள்ளையன் செட்டியார் எதிர் சென்னை மாகாணம் என்ற 1947ஆம் ஆண்டு வழக்கிலேயே அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் கூறிவிட்டதால், பிரதிவாதி தாக்கல் செய்யும் எழுத்துப் பதிலான எதிருரையில் முதல் வாய்ப்பிலேயே இதை எழுப்பிவிட வேண்டும். சும்மா இருந்துவிட்டு, சாட்சி விசாரணை முடிந்த பின் கிளப்பினால் பயன் இராது.

முன்னறிவிப்பு வந்து, அதற்குப் பதிலே அனுப்பாமல் விட்டிருந்தால் அது வேறு வகையில் தலைவலி தரும். 2005இல் சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில், 80ஆம் பிரிவு அறிவிப்புகளுக்குப் பதில் அனுப்பவென்றே ஒவ்வொரு துறையும் ஓர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்றும், காரணமின்றிப் பதில் அனுப்பாத நிலையில் நீதிமன்றம் அரசின் மீது செலவுத்தொகை விதிப்பதோடு அதைப் பொறுப்பான அலுவலரிடமிருந்தே வசூலிக்கும்படியும் ஆணையிடலாம் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

காலவரம்பையும் எண்ணிப் பாருங்கள். ஒரு சட்டத்தைப் பின்பற்றிச் செய்ததாகக் கூறப்படும் செயலுக்காக இழப்பீடு கேட்கும் வழக்குக்குக் காலவரையறைச் சட்டம், 1963இன் 72ஆம் உறுப்பு ஓராண்டு மட்டுமே தருகிறது. அறிவிப்புக்கான இரண்டு மாதத்தைக் கழித்துக்கொள்ள அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு வாதியை அனுமதிக்கிறது. கட்டடம் அகற்றப்பட்ட நாளிலிருந்து ஏறத்தாழ பதினான்கு மாதங்களுக்குப் பிறகு வழக்குத் தாக்கலாகியிருந்தால், அது உங்கள் எதிருரையின் முதல் பத்தியிலேயே இடம்பெற வேண்டிய வாதம். சட்டத்தை நேர்மையாக நம்பிச் செய்த செயலுக்குத்தான் இந்தக் குறுகிய கெடு பொருந்தும் என்பதால், நம்பிக்கையின் நேர்மையைக் காட்டும் ஆவணங்களும் கூடவே வேண்டும்.

இனி, யார் வாதாடுவார் என்ற கேள்விக்கு வருகிறேன். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆம் கட்டளை இதற்காகவே எழுதப்பட்டது; ஆனால் ஊழியர்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதன் 7ஆம் விதி, பதில் தாக்கல் செய்யும் முன் அரசுக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்று ஊழியர் கருதினால், அதற்கான கால நீட்டிப்பை அவர் நீதிமன்றத்திடம் கோரலாம் என்றும், கோரினால் நீதிமன்றம் தேவையான அளவுக்குத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. 8ஆம் விதி, அரசு அவருடைய வாதத்தை ஏற்றுக்கொண்டால், அரசு வழக்கறிஞர் அதற்கான அதிகாரத்தைக் காட்டி மனுச் செய்ய, அது வழக்குப் பதிவேட்டில் குறிக்கப்படும் என்கிறது. குறித்த நாளுக்குள் அரசு வழக்கறிஞர் அப்படி மனுச் செய்யவில்லை என்றால், அந்த வழக்கு இரண்டு தனியாருக்கு இடையிலான வழக்கைப் போலவே நடக்கும். அதாவது, நீங்கள் ஆஜராகாமல் இருந்தால் உங்களுக்கு எதிராக ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை வரும்.

ஒரே அரசு வழக்கறிஞர் முதல் பிரதிவாதியான அரசுக்காக ஆஜராகிறார் என்பதால் மூன்றாம் பிரதிவாதியான உங்களுக்கும் ஆஜராகிவிட்டார் என்று ஆகாது. வழக்குக் கட்டில் உங்கள் பெயருக்கு நேரே அவருடைய ஆஜர் குறிப்பு இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். 1962இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ராஜஸ்தான் மாநிலம் எதிர் வித்யாவதி வழக்கு இங்கே நினைவில் வைக்கத் தக்கது. உதய்ப்பூர் மாவட்ட ஆட்சியருக்கான ஜீப்பைப் பழுதுபார்க்கும் கடையிலிருந்து ஓட்டி வந்த அரசு ஓட்டுநர் வழியில் ஒருவர் மீது மோத, அவர் இறந்துவிட்டார். அரசும் பொறுப்பு என்று முடிவான வழக்காகவே அதைச் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். ஆனால் விசாரணை நீதிமன்றத்தில் நடந்தது என்ன? ஓட்டுநர் மீது ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை, அரசின் மீதான வழக்கு தள்ளுபடி. மேல்முறையீடு செய்தது பாதிக்கப்பட்ட குடும்பம். அதன் பிறகே அரசும் பொறுப்புக்குள் வந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் சட்டத்தின் கண்ணில் அந்தத் தொகைக்கு அந்த ஓட்டுநர் ஒருவரே பொறுப்பாளியாக நின்றார்.

எனவே அழைப்பாணை கிடைத்த ஓரிரு நாளிலேயே, அதன் நகலையும் வழக்குரையையும் இணைத்து, உரிய வழியாகத் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் மூன்று செய்திகள் இருந்தால் போதும்: இந்தச் செயல் இன்ன நாளிட்ட இன்ன ஆணைப்படி பணிக்கடமையாகச் செய்யப்பட்டது, 27ஆம் கட்டளை 8ஆம் விதிப்படி அரசு என் வாதத்தை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன், முடிவு தெரியும்வரை 7ஆம் விதிப்படி கால நீட்டிப்புக் கோர அரசு வழக்கறிஞருக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். கடிதத்தை நேரில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எதிருரைக்கு 8ஆம் கட்டளை 30 நாளும், காரணம் காட்டினால் அதிகபட்சம் 90 நாளும் தருகிறது. கோப்பு மேலே போய்த் திரும்பி வர அதைவிட அதிக நாளாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அப்படித் தாமதமாகி ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை வந்துவிட்டால், அதை நீக்கக் கோரும் மனுவுக்கு 30 நாள்தான் கெடு.

மத்திய அரசு ஊழியர்களுக்கு இதைக் குறித்து உள்துறை அமைச்சகம் 1959 ஜனவரி 8 அன்று வெளியிட்ட குறிப்பாணை இன்றும் அடிப்படையாக இருக்கிறது. அரசே தன் ஊழியர் மீது தொடரும் நடவடிக்கைக்கு அரசு உதவி கிடையாது. விடுவிக்கப்பட்ட பின் செலவைத் திரும்பப் பெறும் வாய்ப்பு மட்டும் உண்டு. பணிக்குத் தொடர்பில்லாத சொந்த விவகாரத்துக்கும் உதவி இல்லை. பணிச் செயலுக்காகத் தனியார் தொடரும் வழக்கில், பொதுநலன் கருதி அரசே வாதத்தை ஏற்கலாம். ஊழியர் தாமே வழக்கறிஞரை வைத்துக்கொண்டால் வட்டியில்லா முன்பணம் தந்து, வழக்கு அவருக்குச் சாதகமாக முடிந்த பின் நியாயமான செலவை ஈடுசெய்யலாம். இதற்கு அரசமைப்பிலேயே வேர் உண்டு. பணியில் இருப்பவரோ இருந்தவரோ தம் கடமைச் செயலுக்காகத் தம்மீது தொடரப்பட்ட வழக்கில் செய்த செலவை அரசு நிதியிலிருந்து தர வேண்டும் என்று கோருவதைப் பற்றி, தேர்வாணையத்தைக் கலந்து பேச வேண்டும் என்று 320ஆம் உறுப்பின் 3ஆம் கூறு சொல்கிறது. 'இருந்தவரோ' என்பதைக் கவனிக்க வேண்டும்: ஓய்வு பெற்ற பிறகு வழக்கு வந்தாலும் கோரிக்கை வைக்கலாம்.

அரசு வழக்கறிஞரே உங்களுக்கும் வாதாடுவது எப்போதும் நல்லது என்று நினைக்கவும் கூடாது. வட்டாட்சியரின் எதிருரையில், "அளவீடு செய்த எல்லைக்கு அப்பாலும் மூன்றாம் பிரதிவாதி தன்னிச்சையாக இடித்திருந்தால் அதற்கு இத்துறை பொறுப்பல்ல" என்பது போல ஒரு வரி இடம்பெறுமானால், அரசின் நலனும் உங்கள் நலனும் அந்த இடத்திலேயே பிரிந்துவிட்டன. அப்போது ஒரே வழக்கறிஞர் இருவருக்கும் உண்மையாக இருக்க முடியாது. எதிருரை தாக்கலாகும் முன் அதன் வரைவைப் படித்துப் பாருங்கள். அப்படி ஒரு வரி இருந்தால், தயங்காமல் சொந்தமாக ஒரு வழக்கறிஞரை அமர்த்தி, காரணத்தைத் துறைக்கு எழுதித் தெரிவித்து, செலவை ஈடுசெய்யும் கோரிக்கையை அன்றே பதிவு செய்துவிடுங்கள்.

வழக்கின் முடிவு பெரும்பாலும் கோப்பில் இருக்கிறது. அலுவலகங்களில் பாராவைஸ் ரிமார்க்ஸ் என்று சொல்லப்படும் பத்திவாரிக் குறிப்புரையை எழுதும் உதவியாளர், "5ஆம் பத்தியில் கண்டவை உண்மையல்ல, மறுக்கப்படுகின்றன" என்று எழுதி அனுப்பிவிடுவார். இந்த வரியை வைத்துக்கொண்டு எந்த வழக்கறிஞராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதே பத்திக்கு, "ஆக்கிரமிப்புச் சட்டம், 1905இன் 7ஆம் பிரிவு அறிவிப்பு இன்ன தேதியில் வாதியிடம் நேரில் தரப்பட்டுச் சார்வு செய்யப்பட்டது, ஒப்பம் கோப்பின் இன்ன பக்கத்தில், விளக்கம் பெறப்படவில்லை, 6ஆம் பிரிவு ஆணை இன்ன தேதியில் பிறப்பிக்கப்பட்டது, நில அளவர் குறியிட்ட புல வரைபடம் இணைப்பில், அகற்றும்போது கிராம நிர்வாக அலுவலரும் இரு சாட்சிகளும் ஒப்பமிட்ட மகஜர் இணைப்பில்" என்று எழுதினால், வழக்கின் பாதி அங்கேயே முடிந்துவிடும். 7ஆம் பிரிவு அறிவிப்பு சார்வு செய்யப்பட்டதற்கான ஒப்பம் கோப்பில் இல்லையென்றால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் நிலைமை கடினம். ஆகவே மாறுதலில் போகும் முன், உங்கள் கையெழுத்துள்ள முக்கிய ஆவணங்கள் எந்தக் கோப்பில், எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று குறித்து வைப்பது ஊழியர் ஒவ்வொருவரும் செய்ய வேண்டிய காரியம்.

மேலதிகாரி சொன்னதைத்தான் செய்தேன் என்பது மட்டும் இழப்பீட்டு வழக்கில் முழு விடையாகாது. சட்டத்துக்குப் புறம்பான செயலை யார் தம் கையால் செய்தாரோ அவரும் பொறுப்பு என்பதே பொது விதி. அந்த விதியின் கடுமையைத் தணிப்பதற்காகத்தான் பல சட்டங்களின் கடைசிப் பகுதியில், "இச்சட்டத்தின்படி நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட எதற்காகவும் அரசின் மீதோ அலுவலர் மீதோ வழக்குத் தொடர முடியாது" என்ற பாதுகாப்புப் பிரிவு வைக்கப்படுகிறது. இந்த நல்லெண்ணத்துக்கு உரிமையியலில் ஓர் அளவுகோலும், குற்றவியலில் வேறோர் அளவுகோலும் உண்டு. மத்தியச் சட்டங்களுக்குப் பொருந்தும் பொதுக் கூறுகள் சட்டம், 1897, கவனக்குறைவாகச் செய்யப்பட்டிருந்தாலும் நேர்மையாகச் செய்யப்பட்ட செயல் நல்லெண்ணச் செயலே என்கிறது. குற்றவியல் சட்டமோ உரிய கவனமும் எச்சரிக்கையும் இல்லாத செயலை நல்லெண்ணச் செயலாக ஏற்பதில்லை. அளவு எடுப்பதில் நேர்ந்த பிழை உரிமையியல் வழக்கில் மன்னிக்கப்படலாம். தனிப் பகை, கையூட்டு, ஒருவரை மட்டும் குறிவைத்து அண்டை ஆக்கிரமிப்பை விட்டுவைத்தது ஆகியவை மெய்ப்பிக்கப்பட்டால் எந்தப் பாதுகாப்புப் பிரிவும் காப்பாற்றாது. உங்கள் துறைச் சட்டத்தில் அத்தகைய பிரிவு எந்த எண்ணில் இருக்கிறது, அதன் சொற்கள் என்ன என்று வழக்கறிஞரோடு உட்கார்ந்து பாருங்கள். சட்டத்துக்குச் சட்டம் சொற்கள் மாறும். பட்டா பாஸ் புத்தகச் சட்டம், 1983, பதிவு கோரி அரசின் மீதோ அலுவலர் மீதோ வழக்குப் போடுவதைத் தடுக்கிறது. ஆனால் உரிமை விளம்புகை, அதாவது தமக்குள்ள உரிமையை நீதிமன்றம் அறிவிக்க வேண்டும் என்று கோரும் வழக்குக்கு வழி விட்டு வைத்திருக்கிறது.

ஒப்பந்தங்களைப் பொறுத்தவரை அச்சம் தேவையில்லை. அரசின் சார்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் அதற்குத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாகமாட்டார் என்று அரசமைப்பின் 299ஆம் உறுப்பின் 2ஆம் கூறே கூறுகிறது.

யார் பணம் கட்டுவார் என்பதில் நம் சட்டம் இன்னும் கலங்கலாகவே இருக்கிறது. அதன் சுமை பாதிக்கப்பட்ட குடிமகன் மீதும் கீழ்நிலை ஊழியர் மீதும்தான் விழுகிறது என்பது என் கருத்து. அரசின் மீது வழக்குத் தொடரலாம் என்று 300ஆம் உறுப்பு சொல்கிறது. எந்த அளவுக்கு என்பதற்கு மட்டும் 1858ஆம் ஆண்டுக்கு முந்தைய கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறுப்பு வரை பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. 1965ஆம் ஆண்டு கஸ்தூரிலால் வழக்கில், மீரட் காவலர்கள் கைப்பற்றி வைத்த தங்கத்தைத் தலைமைக் காவலர் ஒருவர் எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். காவல் பணி இறைமை சார்ந்தது, ஆகவே அரசு பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1994இல் நாகேந்திர ராவ் வழக்கில், கைப்பற்றிய உரம் கெட்டுப்போனதற்கு ஆந்திரப் பிரதேச அரசு பொறுப்பு என்று சொல்லி, அந்தப் பழைய கோட்பாட்டின் எல்லையை வெகுவாகச் சுருக்கியது. அரசின் பொறுப்பை வரையறுக்கும் தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1956இல் தன் முதல் அறிக்கையிலேயே பரிந்துரைத்தது, 1965லும் 1967லும் மசோதாக்கள் வந்தன, இரண்டும் சட்டமாகவில்லை. அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணி எல்லைக்குள் நேர்ந்த கவனக்குறைவுக்காகக் கூட்டாட்சி அரசு ஊழியர் மீது வழக்கு வந்தால், அவர் பெயரை நீக்கி அரசையே பிரதிவாதியாக மாற்றிக்கொள்ள முடியும். நம்மிடம் அப்படி ஏற்பாடு இருந்தால், பணம் கிடைக்குமா என்ற கவலை வாதிக்கும், வீடு போகுமா என்ற கவலை ஊழியருக்கும் ஒருசேரக் குறையும்.

அது இல்லாத நிலையில், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 1ஆம் கட்டளை 10ஆம் விதியின் கீழ், தேவையின்றிச் சேர்க்கப்பட்ட பிரதிவாதி என்று உங்கள் பெயரை நீக்கக் கோரலாம். வழக்குரையில் உங்களுக்கு எதிராகத் தனியாக எந்தத் தீய நோக்கமும் சொல்லப்படாமல், ஆணையை நிறைவேற்றினார் என்று மட்டும் இருந்தால் இந்த மனுவுக்கு வலு உண்டு. நிராகரிக்கப்பட்டால், நீதிமன்றம் விடை காண வேண்டிய கேள்விகளான எழுவினாக்கள் வனையப்படும்போது, "மூன்றாம் பிரதிவாதி பணிக்கடமையில் நல்லெண்ணத்துடன் செயல்பட்டாரா, அவர் தனிப்பட்ட முறையில் பொறுப்பாவாரா" என்று தனி எழுவினா கேட்டு வாங்குங்கள். அதற்கு விடை தனியாக எழுதப்பட்டால்தான், தீர்ப்பாணையில் அரசு மட்டும் செலுத்த வேண்டும் என்ற வரி வரும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில், அலைக்கழிக்கப்பட்ட குடிமகனுக்கு இழப்பீடு தந்துவிட்டு அதை அதற்குக் காரணமான அலுவலர்களிடமிருந்து வசூலிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மக்கள் வரிப்பணம் ஏன் ஒருவருடைய தன்னிச்சைக்கு விலையாக வேண்டும் என்ற கேள்வி அதன் அடியில் இருந்தது. அது நியாயமான கேள்வி. அரசு கட்டிய தொகையை, கவனக்குறைவால் நேர்ந்த நிதி இழப்பாகக் கொண்டு, ஒழுங்கு நடவடிக்கை எடுத்துச் சம்பளத்தில் பிடித்தம் செய்யவும் பணி விதிகளில் இடம் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் பொதுத் தகவல் அலுவலர் மீது விதிக்கப்படும் நாளொன்றுக்கு 250 ரூபாய், மொத்தம் 25,000 ரூபாய்க்கு மிகாத அபராதமும் அவர் சொந்தப் பணத்திலிருந்தே போக வேண்டியது. இடைக்காலத் தடையுத்தரவு கையில் கிடைத்த பின்னும் இடித்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் கட்டளை 2ஏ விதிப்படி சொத்துப் பற்றுகையும் (நீதிமன்றம் சொத்தை முடக்கி வைப்பது) மூன்று மாதம் வரை உரிமையியல் சிறையும் வரும். நிதிச் செலவை வேண்டுமானால் அரசு ஏற்கும். சிறைக்குப் போவது அந்த ஆள்தான். தடையுத்தரவு இருப்பதாகக் களத்தில் ஒருவர் சொன்னால், வேலையை அரை மணி நேரம் நிறுத்தி உறுதிசெய்துகொள்வதால் எந்த இழப்பும் வராது.

மோசமான முடிவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தீர்ப்பாணைக்கு முன் உங்களைக் கைது செய்யவோ சொத்தைப் பற்றுகை செய்யவோ முடியாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 81ஆம் பிரிவு காக்கிறது. தீர்ப்பாணை வந்த பின்னும் மூன்று மாதம் நிறைவேறாமல் இருந்தால்தான் நிறைவேற்று மனுவில் ஆணை பிறக்கும் என்கிறது 82ஆம் பிரிவு. மேல்முறையீடு செய்து தடை வாங்க அந்த இடைவெளி போதும். சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் 60ஆம் பிரிவு தொட விடாது. கணக்கில் கொள்ளத்தக்க சம்பளம் 61,000 ரூபாய் என்றால், மாதம் 20,000 ரூபாய் வரை பிடிக்கலாம். ஒரே தீர்ப்பாணைக்காக மொத்தம் 24 மாதம் பிடித்த பின், அதே தீர்ப்பாணைக்காக மீண்டும் சம்பளத்தில் கை வைக்க முடியாது. அரசு ஓய்வூதியமும் பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் பற்றுகைக்கு அப்பாற்பட்டவை. சொந்த வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் 'தனித்தனியாகவும்' என்ற சொல்லை நீக்குவதில் இவ்வளவு அக்கறை காட்டச் சொல்கிறேன்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, எல்லா அரசு ஊழியருக்கும் பொதுவான திட்டம் நம் நாட்டில் இல்லை. துறை சார்ந்த ஏற்பாடுகள் சில உண்டு. குடும்பநலக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கு 2005இல் தொடங்கிய திட்டம் நல்ல முன்மாதிரி: சிகிச்சை தோல்விக்கோ பின்விளைவுக்கோ வழக்கு வந்தால், வழக்குச் செலவு உட்பட ஒரு வழக்குக்கு 2 லட்சம் ரூபாய் வரை, ஆண்டுக்கு நான்கு வழக்குகள் வரை ஈடுசெய்கிறது. 2013 முதல் காப்பீட்டு நிறுவனம் இல்லாமல் மாநில அரசுகளே நேரடியாகத் தருகின்றன. அரசு வாகனங்களுக்குக் காப்பீடு கட்டாயமில்லை என்று மோட்டார் வாகனச் சட்டம் விலக்குத் தந்திருப்பதால், விபத்துத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகையை வாகன உரிமையாளர் என்ற முறையில் அரசே கட்ட நேர்கிறது. மருத்துவர், பொறியாளர் போன்றோர் தொழில்சார் பொறுப்புக் காப்பீட்டைச் சொந்தமாக வாங்கலாம். வாங்குமுன், அரசுப் பணியில் செய்த செயலை அது உள்ளடக்குகிறதா, பாலிசிக் காலத்துக்கு முன் நடந்த செயலுக்குப் பின்னர் வரும் வழக்கை ஏற்குமா, வழக்கறிஞர் கட்டணம் தனியா தொகைக்குள் அடக்கமா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வேண்டுமென்றே செய்த தீங்கை எந்தப் பாலிசியும் ஏற்காது. உங்கள் இப்போதைய வழக்குக்கு, இனி எடுக்கும் பாலிசி உதவாது.

திருப்பி வழக்குப் போடுவதைப் பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். வழக்கு பொய்யானது என்று தெரிந்தே போடப்பட்டதாக நீதிமன்றம் கண்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவின்படி உங்களுக்கு ஈட்டுச் செலவுத்தொகை தர உத்தரவிடலாம். ஆனால் அதன் உச்சவரம்பு 3,000 ரூபாய்தான். அவதூறு வழக்குப் போட நினைத்தால் முன் அனுமதி வேண்டும். மத்திய அரசு நடத்தை விதிகள், 1964இன் 19ஆம் விதி, பணிச் செயலைக் குறித்த விமர்சனத்துக்கோ அவதூறுக்கோ எதிராக அரசின் அனுமதியின்றி நீதிமன்றத்தையோ பத்திரிகையையோ நாடக் கூடாது என்கிறது. கேட்டு மூன்று மாதத்தில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம். சொந்த நடத்தையைக் குறித்த அவதூறுக்கு அனுமதி தேவையில்லை, தகவல் தெரிவித்தால் போதும். மாநில ஊழியரான நீங்கள் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973இல் இதற்குரிய விதியைப் படித்து, முதலில் அனுமதி கேட்டு எழுதுங்கள். இழப்பீட்டு வழக்கு நிலுவையில் இருக்கும்போது புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிட, அதில் நல்லெண்ணம் குறித்த எழுவினாவுக்கு உங்களுக்குச் சாதகமான விடையைப் பெற்றுக்கொண்டு, பிறகு அந்தத் தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு அவதூறு வழக்கைப் பற்றி யோசிப்பது நல்லது. ஆனால் அவதூறுக்கு இழப்பீடு கோரக் காலவரையறைச் சட்டம் ஓராண்டுதான் தருகிறது என்பதால், அந்தக் கெடுவை வழக்கறிஞரிடம் இப்போதே கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.